பரணிலிருந்து இறங்கிய ஸ்பூல் மெஷின்: வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களைப் பற்றிய ஐயங்களை வாசகர்கள் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவிரிக் கரை ஊர்களிலிருந்தே வந்தன. கச்சேரியையும் திருவிழா நாகஸ்வரத்தையும் கதாகாலட்சேபத்தையும் ஆசையோடு பதிந்து வைத்த குடும்பங்கள் இங்கே உண்டு; அந்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை இப்போது பரணை ஒழிக்கத் தொடங்கியிருக்கிறது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மன்னார்குடி வாசகர்: என் தாத்தா 1960-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் மெஷினைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். கூடவே ஒன்பது ஸ்பூல்கள். ஒன்றில் எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழா நாகஸ்வரம் இருப்பதாக அப்பா சொல்கிறார். பிளக்கில் மாட்டிப் போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து இப்போது மாட்ட வேண்டாம். மெஷின் பாழானால் அதே போன்ற வேறொன்றைத் தேடி வாங்கிவிடலாம். அந்தப் பங்குனி இரவின் வாசிப்போ அந்த ஒரு ஸ்பூலில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மெஷின் முழுமையாகத் தேறும் வரை அந்த ஒன்பது ஸ்பூல்களில் ஒன்றுகூட அதன்மேல் ஏறக் கூடாது.

பிளக்கில் மாட்டாமலேயே பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல ஆண்டுகள் பரணில் கிடந்த மெஷினுக்குள் குளவிக் கூட்டையும் எலி கடித்த ஒயரையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரப்பர் பெல்ட் இருந்த இடத்தில் தார் போல ஒட்டும் கரிய குழம்பு மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டாம். வயதான பெல்ட்டுகள் அப்படித்தான் உருகிப்போகும். கையுறை போட்டுக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் புல்லியில் ஒரு சுவடும் இல்லாமல் துடைத்தெடுத்த பிறகே புதுப் பெல்ட்டைப் போட வேண்டும். குமிழோ லீவரோ நகரவில்லை என்றால் பலம் கொடுத்துத் திருப்பாதீர்கள். உள்ளே கிரீஸ் மெழுகு போல இறுகியிருக்கும். அதைக் கரைத்தால் தானே நகரும், முறித்துவிட்டால் அந்த உதிரி பாகம் எளிதில் கிடைக்காது.

அடுத்து, பின்பக்கத்தில் உள்ள வோல்டேஜ் செலக்டர் 220 அல்லது 240-இல் நிற்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது வால்வு மெஷினாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 250 வோல்ட் வரை தங்கியிருக்கக் கூடும். ஆகவே உள்ளே கை வைப்பதைப் பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரிடமே விட்டுவிடுங்கள். அவரிடம் சீரிஸ் போர்டு இருக்கும். குண்டு பல்ப் ஒன்றைத் தொடராக இணைத்து மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும்போது, பல்ப் ஒரு கணம் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் உள்ளே பெரிய பழுது இல்லை என்று கொள்ளலாம். முழுப் பிரகாசத்தோடு நின்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிட வேண்டும். பல்ப் தொடரில் இருக்கும்போது மோட்டார் சுற்றாமல் போகலாம், அது குறையன்று. மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும் பழைய காகிதக் கெப்பாசிட்டர்களின் மேலுறை வெடித்திருந்தால் அவற்றை மாற்றாமல் மெஷினை ஓட்டவே கூடாது. அவை திடீரென்று கருகி வீடு முழுவதும் நாறப் புகையும்.

இவ்வளவும் ஆன பிறகு, உதவாத நாடா ஒன்றை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முன்னும் பின்னும் வேகமாகச் சுற்றி, நிறுத்தும்போது நாடா தளர்ந்து தொங்குகிறதா, வெடுக்கென்று இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு சோதனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உதவாத நாடாவில் ஏதாவது பதிந்து, அதை மூன்று முறை வெறுமனே போட்டுக் கேளுங்கள். பிளே பட்டனை மட்டும் அழுத்தியும் ஒலி அழிந்துகொண்டே வந்தால் ரெக்கார்டு ஸ்விட்ச் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். கேசட்டில் இருப்பது போல உடைத்துவிட்டு அழியாமல் காக்கும் சிறு துண்டு ஸ்பூலில் கிடையாது.

கும்பகோணம் வாசகி: ஹெட்டைத் துடைக்க மருந்துக் கடை ஸ்பிரிட் போதுமா? சானிடைசர் போட்டால் என்ன என்று என் மகன் கேட்கிறான்.

இரண்டும் வேண்டாம். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் சில வகைகளில் எண்ணெயும் கலந்திருக்கும்; சானிடைசரில் கிளிசரின் உண்டு. உலர்ந்த பிறகு அவை, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டின்மேல் ஒரு படலத்தை விட்டுச் செல்லும். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் 99 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, நாடா ஓடும் திசைக்குக் குறுக்காகவும் நெடுக்காகவும் மெல்லத் துடையுங்கள். முதல் குச்சி தேங்காய் நார் நிறத்தில் பழுப்பேறி வரும். அடுத்தது சற்று வெளிறி வரும். பஞ்சு வெள்ளையாகவே வரும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஹெட் மட்டுமன்று, நாடா உரசும் ஒவ்வொரு உலோகத் தூணையும், நாடாவை ஒரே வேகத்தில் இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் இவ்வாறே துடைக்க வேண்டும். நாடாவைக் கேப்ஸ்டனோடு அழுத்திப் பிடிக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பர் என்பதால் அதற்கு மட்டும் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீர் போதும். ஆல்கஹால் நாளடைவில் ரப்பரை இறுக்கிவிடும். பழைய நாடாக்களைப் போடும் நாட்களில் ஒவ்வொரு ஸ்பூலுக்கு முன்னும் துடைப்பது என் வழக்கம்.

ஹெட்டில் காந்தம் ஏறியிருந்தால் இரைச்சல் கூடி, ஜால்ராவின் கூர்மை மங்கும். அந்தக் காந்தத்தை நீக்கும் டீமேக்னடைசர் கருவியைப் பயன்படுத்தும்போது மெஷினை அணைத்துவிட்டு, ஸ்பூல்களை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். கருவியை ஹெட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று இயக்கி, மெல்ல அருகே கொண்டுவந்து, அதைவிட மெல்ல விலக்கி, மீண்டும் ஒரு மீட்டர் தள்ளி வந்த பிறகே அணைக்க வேண்டும். அருகில் வைத்தபடி அணைத்துவிட்டால் ஹெட் முன்பைவிட அதிகமாகக் காந்தமேறிவிடும்.

திருவாரூர் இசை ஆசிரியை: அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி இணைத்தேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் 5 கட்டை சுருதியில் பாடிய என் குருவின் குரல் 3 கட்டையில் கேட்கிறது. நாடா இழுபட்டுவிட்டதா?

நாடா நலமாக இருக்கிறது, அம்மா. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 117 ஆகக் குறைக்கும். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றாது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அந்தக் காலத்து மெஷின்கள் பலவற்றில் கேப்ஸ்டனைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணையே பின்பற்றும். ஆகவே உங்கள் மெஷின் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடுகிறது. சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுவரம் இறங்குகிறது. 5 கட்டை 3 ஆவதும், 2½ கட்டை நாகஸ்வரம் 1 கட்டையில் முனகுவதும் இதனால்தான். எந்த ஸ்டெபிலைசரும் இதற்கு உதவாது. மெஷினின் கையேட்டையோ உட்புறத்தையோ பார்த்தால் 50/60 என்று குறித்த ஸ்விட்சோ, மோட்டார் தண்டில் மாற்றிப் போடும் புல்லியோ இருக்கும். பல ஏற்றுமதி மாடல்களில் அந்த வசதி உண்டு. 1967-இல் வந்த ரிவாக்ஸ் ஏ77 போன்றவற்றில் கேப்ஸ்டன் வேகத்தை மின்னணுச் சுற்றே கட்டுப்படுத்துவதால் இந்தத் தொல்லை கிடையாது.

நீங்கள் சுருதியைக் கொண்டு பிழையைக் கண்டுபிடித்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. டெல்டாக்காரர்களிடம் இருக்கும் இந்தக் காது பெரிய அளவுகோல். இருந்தாலும் நாகஸ்வரத்தை வைத்துக் கணிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பரவலாக்குவதற்கு முன் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் திமிரியே வழக்கில் இருந்தது. திமிரியைப் பதிந்த நாடாவைக் கேட்டு, வேகம் கூடிவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஐயம் இருந்தால் நாடாவிலேயே சாட்சி தேடலாம். இங்கே பதிந்த பழைய பதிவுகள் பலவற்றில் மின்சாரத்தின் ஹம் மெல்லிய ரீங்காரமாகப் படிந்திருக்கும். கணினியில் ஏற்றி ஒலியின் அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தால் அது 50 ஹெர்ட்ஸிலும் 100-லும் நிற்க வேண்டும். 41 அல்லது 42-இல் நின்றால் மெஷின் மெதுவாக ஓடுகிறது.

மயிலாடுதுறை வாசகர்: ஒரு ஸ்பூல் ஓடும்போது கிரீச்சிட்டு நின்றுவிடுகிறது; ஹெட்டில் பிசின் போல ஒட்டுகிறது. இன்னொன்றில் புளித்த வாடை. மொட்டை மாடி வெயிலில் காய வைக்கலாமா?

வெயிலில் வைக்காதீர்கள். உங்கள் இரண்டு ஸ்பூல்களுக்கும் நோய் வேறு, மருந்தும் வேறு.

முதலில் நாடாவின் அடிப்படைப் பிளாஸ்டிக் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பூலின் பக்கவாட்டை விளக்குக்கு நேரே பிடியுங்கள். நாடாச் சுற்றின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அது அசிட்டேட். கசியாமல் இருண்டிருந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர். புளித்த வாடை வீசுவது அசிட்டேட். அது மெல்லச் சிதையும்போது அசிட்டிக் அமிலம், அதாவது காடியில் உள்ள அதே அமிலம், வெளிப்படுகிறது. அந்த ஆவி பக்கத்திலிருக்கும் மற்ற அசிட்டேட் ஸ்பூல்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். உடனே தனியாக, காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, அதையே முதலில் பிரதி எடுங்கள். அது நொறுங்கும் தன்மை உடையது, வேகமாகச் சுற்றாதீர்கள்.

கிரீச்சிடும் ஸ்பூலில் நாடாவின் பின்பக்கம் கரிய பூச்சோடு மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற சில நாடாக்களில், காந்தத் துகளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். தொடர்ந்து ஓட்டினால் ஒலியே உரிந்து ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும். கிரீச்சென்ற முதல் ஒலியிலேயே நிறுத்தி, நாடாவைக் கையால் மெல்ல விடுவித்து எடுங்கள். ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸ் சீரான வெப்பத்தில் எட்டு மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுவது இதற்கான சிகிச்சை. அதன் பிறகு சில வாரங்கள் நாடா நன்றாக ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். வெப்பம் சீராக நிற்கும் கருவியும் தெர்மாமீட்டரும் கைப்பழக்கமும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்; பழக்கமுள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்புவதே நல்லது. அசிட்டேட்டை எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்கக் கூடாது.

எனக்கு இருபத்திரண்டு வயதில் நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் குடும்பக் கல்யாணக் கச்சேரியின் ஒரே பதிவை, பிரேக் பழுதடைந்த மெஷினில் அவசரப்பட்டு மாட்டினேன். நிறுத்தியபோது வலப்பக்க ஸ்பூல் நிற்காமல் இழுக்க, நாடா நூலாக நீண்டு சுருண்டது. தனி ஆவர்த்தனத்தில் நான்கு நிமிடம் போயிற்று. மிருதங்கம் வாசித்தவர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அவர் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். உதவாத நாடாவில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னேனே, அது அன்று நான் செய்யாமல் விட்டது.

நாகப்பட்டினம் வாசகர்: பாட்டின் பின்னணியில் யாரோ தலைகீழாகப் பேசுவது போலக் கேட்கிறதே, அது ஏன்?

அது நாடாவின் மறுபக்கப் பதிவு. கால் அங்குல அகலமுள்ள நாடாவின் மேற்பாதியில் ஒரு திசையிலும், ஸ்பூலைத் திருப்பிப் போட்டுக் கீழ்ப்பாதியில் எதிர்த்திசையிலும் பதிவது மோனோ மெஷின்களின் வழக்கம். நீங்கள் அதை ஸ்டீரியோ மெஷினில் போடுகிறீர்கள்; அதன் இடது சேனல் மேற்பாதியையும் வலது சேனல் கீழ்ப்பாதியையும் சேர்த்துப் படிக்கிறது. வலது சேனலை மூடிவிட்டு இடதை மட்டும் கேளுங்கள். மறுபக்கத்துக்கு ஸ்பூலைத் திருப்பிப் போடுங்கள். இடது சேனலிலேயே தலைகீழ்க் குரல் கலந்து வந்தால், அது நான்கு தடமாகப் பதிந்த நாடாவாக இருக்கலாம், அல்லது ஹெட்டின் உயரம் பிசகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன் ஹெட்டின் திருகுகளைத் தொடாதீர்கள்.

பாட்டு தொடங்கும் முன்பே அதன் முதல் சொல் மிக மெலிதாகக் கேட்பது வேறு வகை. ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஒற்றியெடுக்கப்படுவதால், சில வினாடிகள் முந்தி அந்த நிழல் ஒலிக்கும். கேட்டு முடித்த நாடாவைத் திருப்பிச் சுற்றாமல், கடைசி முனை வெளியே இருக்கும்படி அப்படியே வைத்தால், நிழல் ஒலி பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் விழுந்து மறைந்துவிடும்.

பட்டுக்கோட்டை வாசகர்: மோட்டாருக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. அது சில மாதங்களில் பிசினாகிவிடும். கையேடு காட்டும் பேரிங்குகளில் மட்டும் மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். கேப்ஸ்டன், பிஞ்ச் ரோலர், பெல்ட் ஆகியவற்றில் எண்ணெய் பட்டால் நாடா வழுக்கும்.

வேதாரண்யம் வாசகி: எங்கள் ஊரில் உப்புக் காற்று, ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கிறது. ஸ்பூல்களை எப்படிப் பாதுகாப்பது?

ஒலிநாடாக் காப்பகங்கள் ஏறக்குறைய 20 டிகிரி வெப்பமும் 40 சதவிகித ஈரப்பதமும் வைத்துக் காக்கின்றன. அடைமழைக் காலத்தில் நம் வீடுகளில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே அறையை விட்டுவிட்டுப் பெட்டியைக் காப்பதே நம்மால் ஆகக் கூடியது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஸ்பூல்களை நிறுத்திவைத்து (படுக்கவைத்தால் விளிம்பு நெளியும்), சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் சிறிய ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். புளித்த வாடை வீசும் அசிட்டேட்டை மட்டும் இப்படி மூடிவைக்கக் கூடாது. மழை நாளில் பெட்டியைத் திறக்காமல், தை பிறந்து வாடை ஓய்ந்து நல்ல வெயில் அடிக்கும் நாளில் திறந்து பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டியும் தரையிலும் பெட்டியை வைக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை.

தஞ்சை சரஸ்வதி மகாலில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளுக்கு எண்ணெய் பூசிக் காப்பது நம் மரபு. அந்த நினைவில் நாடாவுக்கும் எதையாவது பூசவோ தூவவோ வேண்டாம். நாப்தலின் உருண்டையும் கூடாது; அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஸ்பீக்கர், ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து சில அடி தள்ளியே ஸ்பூல்கள் இருக்கட்டும். விளிம்பில் வெண்பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, உலர்ந்த மென்துணியால் துடைத்து, தனியே வையுங்கள்.

தஞ்சாவூர் கல்லூரி மாணவர்: புதிதாகத் தொடங்குகிறேன். எந்த மெஷின் வாங்கலாம்?

உங்களிடம் உள்ள ஸ்பூல்களின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டு நாடாக்கள் பெரும்பாலும் 5 அல்லது 7 அங்குல ஸ்பூல். வேகம் வினாடிக்கு 3¾ அல்லது 7½ அங்குலம். அதற்கு அக்காய் 4000டிஎஸ் போன்ற எளிய மெஷின் போதும். அந்த மாடலில் கேப்ஸ்டன்மேல் மாட்டும் சிறு உலோகக் குழாய் ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் 7½ வேகம் கிடைக்காது. பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். 10½ அங்குல ஸ்பூல் இருந்தால் ரிவாக்ஸ் ஏ77, 1977-இல் வந்த பி77 போன்றவற்றைத் தேட வேண்டும். எதுவானாலும் ஹெட்டின் முகத்தை நகத்தால் வருடுங்கள். நாடா ஓடும் பாதையின் விளிம்பில் நகம் இடறினால் ஹெட் தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். ஒளிரும் மீட்டர்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

திருவையாறு வாசகர்: கணினிக்கு மாற்றும்போது எம்பி3-ஆக வைத்தால் போதாதா?

போதாது. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் (WAV) கோப்பாக எடுங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜி.பி. ஆகும், இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பாரமன்று. இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பின்மேல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அது தம்பூராவையும் சேர்த்துத் தின்றுவிடும். வேண்டுமானால் வேறொரு பிரதியில் செய்து பாருங்கள். மூலக் கோப்பு இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும்.

ஸ்பூல் உறையின் நான்கு பக்கங்களையும் படம் எடுத்து மூலக் கோப்பின் பெயரிலேயே சேமியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நாடா ஓடும்போதே அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாசிப்பவர் யார், தாளம் போடும் குரல் யாருடையது, நடுவே இருமியவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மன்னார்குடி வாசகரும், மெஷின் தேறிய பிறகு, தம் அப்பாவை வைத்துக்கொண்டே அந்தப் பங்குனி ஸ்பூலைப் போட வேண்டும்.